பைசாவை முழுதாக்கிப் பார்ப்போம்!

மாதத் தொடக்கத்தில் மளிகைக் கடைக்குச் சென்று வருவது நம் குடும்பங்கள் அனைத்திற்கும் பழக்கமான செயலே. அன்று நாம் வாங்கியவை நான்கே பொருள்கள். துவரம் பருப்பு 112.35 ரூபாய், வெல்லம் 63.45, கத்தரிக்காய் 48.60; தக்காளி 27.80. ஆனால், கடையில் அச்சிட்டுத் தந்த சீட்டின் அடியிலோ 502.40 என்றிருந்தது. பணத்தை எண்ணிக் கொடுக்க முற்பட்ட வேளையில், உடன் வந்திருந்த நம் மகள், "அப்பா, இருநூற்றைம்பதைச் சுற்றித்தானே வரும்?" என்றாள்.

சீட்டை மீண்டும் நோக்கினோம். தக்காளியின் விலை 278.00 எனப் பதிவாகியிருந்தது. தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்ததால் விளைந்த பிழை அது! கடைக்காரர் மனம் வருந்தி உடனே திருத்திக் கொடுத்தார்.

தாளும் பேனாவும் இன்றி அச்சிறுமி அதனைக் கண்டுபிடித்தது எவ்வாறு? பள்ளியில் கற்ற 'முழுதாக்கல்' என்னும் எளிய முறையே அவளுக்கு உதவிற்று. புள்ளிக்கு அடுத்த இலக்கம் 5 அல்லது அதற்கு மேல் இருப்பின், முழு எண்ணுடன் ஒன்றைக் கூட்ட வேண்டும். 4 அல்லது அதற்குக் கீழ் இருப்பின், பைசாவை விட்டுவிட வேண்டும். இவ்வாறு செய்தால் 112, 63, 49, 28 என்பன கிடைக்கும். அவற்றின் கூட்டுத்தொகை 252. சரியான தொகையோ 252.20. வேறுபாடு இருபதே பைசா!

இவ்வளவு நெருங்கி வந்தது எப்படி என்று சிலர் வியக்கலாம். பருப்பிலும் வெல்லத்திலும் நாம் விட்டுவிட்டது 80 பைசா. கத்தரிக்காயிலும் தக்காளியிலும் நாம் சேர்த்துக்கொண்டது 60 பைசா. விட்டதும் சேர்த்ததும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டன. அவ்வாறன்றி, எல்லாப் பைசாக்களையும் விட்டுவிட்டிருந்தால் 250 என்றும், எல்லாவற்றையும் மேலே உயர்த்தியிருந்தால் 254 என்றும் வந்திருக்கும். ஒரே பக்கம் சாயும் கணக்கு உண்மையிலிருந்து விலகிச் செல்லும் என்பதை இதனால் அறிகிறோம்.

"இரண்டு ரூபாய்தானே, போகட்டும்" என்று எண்ணுவோர் கனடா நாட்டில் நிகழ்ந்ததைக் கேட்பார்களாக. அங்கு வான்கூவர் நகரின் பங்குச் சந்தையில், 1982ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஒரு குறியீட்டெண்ணை 1000 என்று தொடங்கினர். நாள்தோறும் ஏறத்தாழ 3000 முறை கணிப்பொறி அதனைப் புதிதாகக் கணக்கிட்டது. ஒவ்வொரு முறையும் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றை முழுதாக்காமல் வெட்டியெறிந்தது. வெட்டப்பட்டது ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறியதே. ஆயினும் 1983 நவம்பரில் அக்குறியீட்டெண் ஏறத்தாழ 524 ஆகத் தாழ்ந்துவிட்டது! சந்தையோ வீழ்ந்திருக்கவில்லை. முறைப்படி கணக்கிட்டபோது, அது 1098.892 என்று தெரியவந்தது. துளித்துளியாய்க் கசிந்தது பாதியளவு ஆகிவிட்டதன்றோ?

தோராயக் கணக்கிற்கும் எல்லையுண்டு. ஒரு பொருளுக்கு நேரக்கூடிய வேறுபாடு 50 பைசாவைத் தாண்டாது. ஆகவே நான்கு பொருள்களில் அது இரண்டு ரூபாய்க்குள் அடங்கும். நாற்பது பொருள்களாயின் இருபது ரூபாய் வரை செல்லக்கூடும். எல்லா விலைகளும் 49.50 போன்று பாதியிலேயே முடிந்தால், எல்லாம் மேல்நோக்கியே உயரும். அப்போது விடை சற்று மிகுதியாகவே வரும். மேலும், 0.40, 0.30 போன்ற சிற்றெண்களை முழு எண்ணாக்கினால், கூட்டுவதற்கு ஒன்றுமே எஞ்சாது. எனவே எண்ணின் அளவறிந்து முழுதாக்க வேண்டும். குழந்தைக்கு மருத்துவர் 2.5 மில்லி மருந்து தரச் சொன்னால், அதனை 3 ஆக்க எவருக்கும் உரிமையில்லை!

தோராயக் கணக்கு, சரியான கணக்கிற்கு மாற்று அன்று. அதனைக் காக்கும் காவலாளி. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 சூன் 30ஆம் நாளுடன் செல்லாமற் போயின. ஆயினும் சீட்டுகளில் பைசாக்கள் இன்றும் அச்சாகின்றன. புள்ளி இடம் மாறும் பிழையும் நேரவே செய்கிறது. அப்பிழையால் நாம் மிகுதியாகக் கொடுப்பதும் உண்டு. கடைக்காரர் இழப்பதும் உண்டு. 278.00 என்று வந்ததைச் சுட்டிக்காட்டிய நாம், 2.78 என்று வந்தாலும் சுட்டிக்காட்டக் கடமைப்பட்டவர்கள் அல்லவா?

பெற்றோர்களே! அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். சீட்டு வருமுன்னரே, "எவ்வளவு ஆகும், சொல் பார்ப்போம்" என்று கேளுங்கள். தசம எண்ணைக் கண்டு அஞ்சும் பிள்ளையின் அச்சம் நீங்கும். இல்லத்தின் கணக்கும் நேராகும்.