வேட்டி முடிச்சுக்கு மேலே அளந்து பாருங்கள்

குறுவை நடவுக்கு இப்போது மிஷின் வருகிறது, அறுப்புக்கும் மிஷின்தான். தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் உடம்புக்கு இருந்த வேலை பெருமளவு குறைந்துவிட்டது. இலையில் விழும் சோறு மட்டும் குறையவில்லை. 21 நாடுகளில் நடந்து 2020-இல் வெளியான 'ப்யூர்' ஆய்வில், நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம் வந்தது. தெற்காசியாவில் அந்தத் தொடர்பு மிக வலுவாக இருந்தது. சோற்றைப் பழித்துவிட்டு ராத்திரி ஆறு சப்பாத்தி சாப்பிடுவதும் தீர்வல்ல.

இதன் விளைவை ஐந்து அளவுகளில் பார்க்கலாம்: இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல்; ரத்த அழுத்தம் 130/85 தொட்டது; வெறும் வயிற்றில் சர்க்கரை 100 தொட்டது; டிரைகிளிசரைடு 150 தொட்டது; நல்ல கொழுப்பு ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50-க்குக் கீழே. இந்த ஐந்தில் மூன்று இருந்தால் அது வளர்சிதை மாற்றக் கோளாறு. வலி இருக்காது. மாத்திரையால் பிரஷர் சரியாக இருந்தாலும் அது கணக்கில் சேரும். நம் ஆட்கள் வேட்டியைத் தொப்பைக்குக் கீழே கட்டுவதால் இடுப்பளவு ஏமாற்றும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் டேப் வைக்க வேண்டும்.

குடலைச் சுற்றிய கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. இதயத்தின் ரத்தக் குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பு அந்த அழற்சியால் வெடித்தால், அங்கே ரத்தம் உறைந்து அடைக்கும். அதுதான் மாரடைப்பு. இந்த அழற்சியை அளக்க 'எச்.எஸ். சி.ஆர்.பி.' என்ற சோதனை உண்டு: 1-க்குக் கீழே நல்லது, 3-க்கு மேல் ஆபத்து கூடுதல். காய்ச்சலோ புண்ணோ இருக்கும்போது எடுத்தால் காசு வீண். எல்லோருக்கும் இது தேவையும் இல்லை. வயது, புகை, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே அடுத்த 10 ஆண்டு ஆபத்தை மருத்துவர் கணித்துவிடுவார். கேளுங்கள், சொல்வார்.

30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சர்க்கரைச் சோதனை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக மாத்திரை வீட்டுக்கே வரும். வராவிட்டால் 104-க்குப் புகார் சொல்லுங்கள். 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் முதல் தவணையாக 14 மாத்திரைகள் அங்கேயே தருவார்கள். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், குடற்புண் உள்ளவர்கள் அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நெஞ்சை அழுத்தி வியர்த்தால் 'வாயு' என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும். மூச்சுத் திணறலும் திடீர்ச் சோர்வும் போதும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.