சந்தையும் நாமும் – 14: வளர்ச்சிக்கு நாம் கொடுக்கும் விலை

செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்ட்தான் சாதாரண முதலீட்டாளருக்கு ஏற்றது என்று சென்ற வாரம் பார்த்தோம். அடுத்து எழும் கேள்வி, எந்த இண்டெக்ஸ் என்பது. அமெரிக்கச் சந்தையில் கொஞ்சம் பணம் போட்டு வைக்கலாம் என்று நினைக்கிற நம்மவர்கள் பலர் நேராகப் போய் நிற்பது நாஸ்டாக் 100 குறியீட்டில்தான். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், என்விடியா, அமேசான், கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட் என்று அன்றாடம் காதில் விழும் பெயர்கள் அதன் உச்சியில் இருக்கின்றன. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளின் வருமானத்தைப் பார்த்தால், ஒட்டுமொத்த அமெரிக்கச் சந்தையை அது வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. அப்படியிருக்க, பெயரே கேள்விப்படாதவற்றையும் சேர்த்து 3,000-க்கும் மேற்பட்ட கம்பெனிகளை எதற்காக வாங்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனாலும் நீண்டகாலச் சேமிப்புக்கு அடித்தளமாக முழுச் சந்தை ஃபண்டுதான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொழில்நுட்பம் வளரும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அந்த வளர்ச்சியை நாம் என்ன விலைக்கு வாங்குகிறோம் என்பதில்தான் சந்தேகம்.

முதலில் நாஸ்டாக் 100 என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். 1985-இல் தொடங்கிய இந்தக் குறியீடு, நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில், நிதித்துறை நீங்கலாக, மிகப்பெரிய 100 நிறுவனங்களைக் கொண்டது. ‘தொழில்நுட்பக் குறியீடு’ என்று நாம் சொன்னாலும் அதன் விதிகளில் தொழில்நுட்பம் ஒரு நிபந்தனையே இல்லை. பெப்சிகோவும் காஸ்ட்கோ என்ற சில்லறை விற்பனை நிறுவனமும் அதில் உண்டு. மென்பொருள் உலகின் ஜாம்பவானான ஆரக்கிள், 2013-இல் தன் பங்குகளை நியூயார்க் பங்குச்சந்தைக்கு மாற்றிக்கொண்டது. உடனே நாஸ்டாக் 100-லிருந்து வெளியேற்றப்பட்டது. அந்த இடத்துக்கு வந்தது டெஸ்லா. ஆரக்கிளின் தொழிலில் அன்றைக்கு எந்த மாற்றமும் இல்லை, பங்கு விற்கும் சந்தை மட்டும்தான் மாறியது. ஐபிஎம் நியூயார்க் சந்தையில் இருப்பதால் அதற்கும் இங்கே இடமில்லை. வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் விதிப்படியே கிடையாது. முழுச் சந்தை ஃபண்டோ, ஒரு நிறுவனம் எந்தச் சந்தையில் பட்டியலிடப்பட்டது என்று கேட்பதில்லை. வான்கார்ட் நிறுவனம் 1992-இல் தொடங்கிய மொத்தப் பங்குச்சந்தை ஃபண்ட் இதற்கு நல்ல உதாரணம். பெரியது, சிறியது எல்லாவற்றையும் சந்தை மதிப்பின் விகிதத்தில் அது வாங்கி வைத்திருக்கிறது. ஆப்பிளும் என்விடியாவும் மைக்ரோசாஃப்டும் அதிலும் உச்சியில்தான் இருக்கின்றன. எனவே முழுச் சந்தையை வாங்குபவர் தொழில்நுட்பத்தைக் கைவிடுவதில்லை. நாஸ்டாக் 100-ஐ மட்டும் வாங்குபவர், சந்தை இந்த நிறுவனங்களுக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கும் பெரிய இடம்கூடப் போதாது என்று பந்தயம் கட்டுகிறார்.

அந்தப் பந்தயத்தின் ஆபத்தைப் புரிந்துகொள்ள, தோற்றுப்போன ஒரு கம்பெனியைத் தேட வேண்டாம். ஜெயித்த கம்பெனியையே பார்க்கலாம். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்டின் சந்தை மதிப்பு 60,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அதன் ஆண்டு லாபத்தைப் போல 60 மடங்குக்கும் மேலான விலை அது. அன்று அந்தப் பங்கை வாங்கியவர் தொழிலைத் தவறாகக் கணிக்கவில்லை. 2000-ஆம் நிதியாண்டில் சுமார் 2,300 கோடி டாலராக இருந்த விற்பனை, 2015-இல் 9,300 கோடி டாலரைத் தாண்டியது. பதினைந்து ஆண்டுகளில் நான்கு மடங்கு! உலகின் அலுவலகக் கணினிகளில் பெரும்பாலானவை அதன் மென்பொருளில்தான் ஓடின. இருந்தும், 1999 டிசம்பரில் தொட்ட விலையை அந்தப் பங்கு மறுபடி தாண்டியது 2016 அக்டோபரில். டிவிடெண்டைச் சேர்த்துக் கணக்கிட்டால் சற்று முன்பே ஈடாகியிருக்கும், அவ்வளவுதான். விற்பனை பெருகப் பெருக, லாபத்துக்குச் சந்தை கொடுக்கத் தயாராக இருந்த மடங்கு சுருங்கிக்கொண்டே வந்து, 2011 வாக்கில் 10 மடங்கு அளவுக்கு இறங்கியது. நல்ல கம்பெனியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தும் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது என்றால், அதற்கு ஒரே காரணம் வாங்கிய விலை.

ஒரு பங்குக்கு நடந்தது குறியீட்டுக்கே நடந்தது. 2000 மார்ச்சில் 4,700 புள்ளிகளைத் தாண்டியிருந்த நாஸ்டாக் 100, 2002 அக்டோபரில் 800 சொச்சத்துக்கு வந்தது. சரிவு 83 சதவீதம். 1 லட்சம் ரூபாய் 17,000 ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 17,000 மீண்டும் ஒரு லட்சமாக, கிட்டத்தட்ட ஆறு மடங்கு பெருக வேண்டும். பழைய உச்சத்தைக் குறியீடு எட்டியபோது 2015 முடியும் தறுவாய். அதற்குள், உச்சத்தின்போது குறியீட்டில் இருந்த தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காம் திவாலாகியிருந்தது, கணினி நிறுவனமான சன் மைக்ரோசிஸ்டம்ஸை ஆரக்கிள் விலைக்கு வாங்கியிருந்தது. 2000-இல் சில நாட்கள் சந்தை மதிப்பில் உலகின் மிகப்பெரிய நிறுவனமாக இருந்த சிஸ்கோவின் பங்கு, அன்றைய உச்சத்தில் பாதியைக்கூட எட்டவில்லை. அதே சரிவில் முழு அமெரிக்கச் சந்தை ஏறக்குறைய பாதி மதிப்பை இழந்தது. அதுவும் கொடுமைதான், அது மீண்ட கையோடு 2008-இல் மறுபடி அடி வாங்கியதையும் நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் பாதியை இழந்தவர் இரண்டு மடங்கு பெருக்கினால் போதும். ஓய்வுக்காலத்தை நெருங்குகிற ஒரு குடும்பத்துக்கு, இரண்டு மடங்குக்கும் ஆறு மடங்குக்கும் உள்ள தூரம் வாழ்க்கையையே மாற்றிவிடும்.

‘அன்று வெறும் கனவுக் கம்பெனிகள், இன்று மலைபோல லாபம் ஈட்டும் கம்பெனிகள்’ என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. பாதி உண்மை. இன்றைய பெரிய நிறுவனங்களின் லாபம் நிஜமானது. 2000-இல் இருந்த அளவுக்கு மடங்குகளும் பொதுவாக உயரவில்லை. ஆனால் அன்று குறியீட்டின் உச்சியிலிருந்த மைக்ரோசாஃப்ட், சிஸ்கோ, இன்டெல் மூன்றும் நல்ல லாபத்தில் ஓடிய நிறுவனங்கள்தான், கனவு விற்றவை அல்ல. லாபம் இருப்பது திவாலிலிருந்து காப்பாற்றும்; அதிக விலை கொடுத்ததிலிருந்து காப்பாற்றாது. ஒரு துறை உலகை மாற்றும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பிறகு, அந்தத் தெரிதல் விலையில் ஏறிவிடுகிறது. 1900-இல் அமெரிக்கப் பங்குச்சந்தையின் மதிப்பில் 60 சதவீதத்துக்கும் மேல் ரயில்வே நிறுவனங்கள். ரயில் உண்மையாகவே அந்த நாட்டை மாற்றியது. இன்று அதன் பங்கு 1 சதவீதத்துக்கும் கீழே.

‘ஜெயிப்பவை சில கம்பெனிகள்தானே, அவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன?’ என்ற வாதம் இன்னும் கூர்மையானது. அதற்கு ஆதாரமும் உண்டு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்ட்ரிக் பெசம்பைண்டர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தையில் இருந்த சுமார் 25,000 நிறுவனங்களை ஆராய்ந்தார். அரசுக் கருவூலப் பத்திரத்துக்கு மேலாகச் சந்தை ஈட்டித் தந்த நிகரச் செல்வம் முழுவதற்கும் அவற்றில் 4 சதவீத நிறுவனங்களே போதுமானவையாக இருந்தன. பாதிக்கும் மேற்பட்ட பங்குகள் அந்தப் பத்திரத்தின் வருமானத்தைக்கூட எட்டவில்லை. இதை வைத்து ‘வெற்றியாளர்களை மட்டும் வாங்கு’ என்பது எளிது. ஆனால் அந்த 4 சதவீதத்தில் யார் யார் என்பது முடிந்த பிறகுதான் தெரிந்தது. அடுத்த இருபது ஆண்டுகளின் 4 சதவீதம் மருந்துத் துறையில் இருக்கலாம், மின்சாரத்தில் இருக்கலாம், நியூயார்க் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஏதோ ஒரு சிறு நிறுவனமாகவும் இருக்கலாம். முழுச் சந்தை ஃபண்டில் அது இன்றே இருக்கிறது, சிறிய அளவில். வளர வளர அதன் பங்கு தானாகவே பெருகும்.

முழுச் சந்தை ஃபண்டும் இப்போது பத்துப் பன்னிரண்டு கம்பெனிகளை அதிகமாகச் சார்ந்திருக்கிறது என்பது உண்மை, அதற்கு என்னிடம் மறுப்பில்லை. தொழில்நுட்பப் பங்குகள் விழுந்தால் அதுவும் விழும். 2022-இல் அது 20 சதவீதம் அளவுக்கு இறங்கியது; நாஸ்டாக் 100 மூன்றில் ஒரு பங்கை இழந்தது. அடுத்த ஆண்டே நாஸ்டாக் 100 குறியீடு 50 சதவீதத்துக்கும் மேல் ஏறியதையும் சொல்ல வேண்டும். பிடித்துக்கொண்டு நின்றவருக்குப் பலன் கிடைத்தது. எஸ்ஐபி முறையில் மாதாமாதம் போடுபவருக்குச் சரிவு மலிவு விலையைத் தரும் என்பதும் சரி. ஆனால் 2000-க்குப் பிந்தைய சரிவு இரண்டரை ஆண்டுகள் நீடித்தது. மாதாமாதம் போட்ட பணம் கரைவதைப் பார்த்துக்கொண்டே, வேலைபோகும் பயத்தோடு, தொடர்ந்து போட வேண்டும். ஐடி துறையில் வேலை பார்க்கிற இளைஞருக்கு இது இரட்டிப்பு ஆபத்து. சம்பளமும் சேமிப்பும் ஒரே துறையை நம்பியிருந்தால் இரண்டும் ஒன்றாகவே சாயும். ‘வயதிருக்கிறது, ரிஸ்க் எடுக்கலாம்’ என்று சொல்பவர்களில் இவர்களே அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நம் நாட்டிலிருந்து வாங்குபவருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. மியூச்சுவல் ஃபண்டுகள் வெளிநாட்டில் முதலீடு செய்வதற்கான 700 கோடி டாலர் உச்சவரம்பை எட்டியதால், 2022 பிப்ரவரி முதல் புதிய முதலீடுகளை நிறுத்தச் சொன்னது பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி. புதிய யூனிட்கள் தாராளமாக உருவாக முடியாத நிலையில், இங்கே விற்பனையாகும் நாஸ்டாக் 100 ஈடிஎஃப்கள், அதாவது பங்கைப் போலச் சந்தையில் வாங்கி விற்கப்படும் ஃபண்டுகள், தம் என்ஏவியைவிட, அதாவது ஒரு யூனிட்டின் நிகரச் சொத்து மதிப்பைவிடக் கூடுதல் விலைக்குக் கைமாறுவதைப் பலமுறை பார்க்க முடிகிறது. 100 ரூபாய் மதிப்புள்ள யூனிட்டை 110 ரூபாய்க்கு வாங்கினால், குறியீடு 10 சதவீதம் ஏறினால்கூட அந்தக் கூடுதல் விலை மறைந்த அன்று உங்கள் லாபம் பூஜ்யம். அமெரிக்கப் பங்கு வேண்டும் என்றால், அடித்தளத்தை முழுச் சந்தைத் திட்டத்திலோ, சந்தை மதிப்பில் 80 சதவீதம் அளவுக்குத் தழுவுகிற எஸ் அண்ட் பி 500 திட்டத்திலோ வையுங்கள். நாஸ்டாக் 100 மீது ஆசை விடவில்லை என்றால், அமெரிக்கப் பங்குகளுக்கு ஒதுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். ஈடிஎஃப் வழியாக வாங்குவதானால், ஆர்டர் போடும் முன் ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் அன்றைய என்ஏவியைப் பாருங்கள். சந்தை விலை அதைவிட 2 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால் அன்று வாங்காதீர்கள்.