உங்கள் மெயிலை வேறு யாரோ படிக்கிறார்களா? தலைசுற்ற வைக்கும் தகவல்கள்!

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், அமேசான்... எதில் பாஸ்வேர்டு மறந்தாலும் புதுசு போடுவதற்கான லிங்க் எங்கே வருகிறது? உங்கள் மெயிலுக்குத்தானே! அப்படியென்றால் மெயில் கணக்கு ஒரு கொத்துச்சாவி! அது திருடன் கைக்குப் போனால் என்ன ஆகும்? படியுங்கள், அசந்துபோவீர்கள்!

300 கோடி கணக்குகள்!
2013-ல் யாஹூவில் எத்தனை கணக்குகளின் தகவல்கள் திருடுபோயின தெரியுமா? 2016 டிசம்பரில் ‘100 கோடி’ என்றது நிறுவனம். 2017 அக்டோபரில் அந்த எண்ணிக்கை 300 கோடி ஆனது! அதாவது, திருட்டு நடந்தபோது யாஹூவில் இருந்த அத்தனை கணக்குகளும்! ஒன்றுகூடத் தப்பவில்லை! வெளியுலகத்துக்கு விஷயம் தெரியவே மூன்று வருடம் ஆனது என்றால் நம்ப முடிகிறதா?

பாஸ்வேர்டே தெரியாமல் புகுந்த மாணவர்!
2008-ல் அமெரிக்கத் துணை ஜனாதிபதி வேட்பாளர் சாரா பாலினின் யாஹூ மெயிலுக்குள் 20 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் நுழைந்துவிட்டார். எப்படி? பிறந்த தேதி, அஞ்சல் குறியீட்டு எண், ‘கணவரை எங்கே சந்தித்தீர்கள்?’ என்ற கேள்வி. இவ்வளவுதான் தடை! எல்லா விடையும் இணையத்திலேயே கிடைத்துவிட்டது! மாணவருக்குக் கிடைத்ததோ ஒரு வருடமும் ஒரு நாளும் சிறை! உங்கள் பாதுகாப்புக் கேள்விக்கான விடை உங்கள் ஃபேஸ்புக் பக்கத்திலேயே இருக்கிறதா? இப்போதே மாற்றுங்கள்!

ஒரு தட்டச்சுப் பிழை செய்த வேலை!
2016 மார்ச். அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் போட்டியிட்ட ஹிலாரி கிளின்டனின் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு, கூகுள் அனுப்பியதுபோலவே ஒரு மெயில். ‘உங்கள் பாஸ்வேர்டு யாரிடமோ இருக்கிறது, உடனே மாற்றுங்கள்!’ இது நிஜமா என்று கேட்டபோது, பிரசாரக் குழுவின் கணினிப் பணியாளர் ‘நிஜமான மெயில்தான்’ என்று பதில் எழுதினார். ‘போலி’ என்று எழுத வந்தவர் கை தவறி மாற்றி அடித்துவிட்டாராம்! அதை நம்பி லிங்க்கில் பாஸ்வேர்டைக் கொடுத்ததன் விளைவு? ஆயிரக்கணக்கான மெயில்கள் விக்கிலீக்ஸ் இணையதளத்தில், தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, உலகமே படிக்கும்படி!

பாஸ்வேர்டை மாற்றியும் மெயில் போகிறதா?
ஆமாம், போகும்! உள்ளே வந்த ஹேக்கர் செட்டிங்ஸில் தன் முகவரியை ‘ஃபார்வர்டிங்’ பகுதியில் போட்டுவிட்டால் போதும். நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும் உங்களுக்கு வரும் மெயிலெல்லாம் அவருக்கும் போய்க்கொண்டே இருக்கும்! எச்சரிக்கை மெயில் உங்கள் கண்ணில் படாமல் நேராகக் குப்பைக்குப் போகும்படி ‘ஃபில்டர்’ போடுகிற கில்லாடிகளும் உண்டு! இந்த இரண்டையும் எப்போதாவது திறந்து பார்த்திருக்கிறீர்களா?

திடீரென்று ஆயிரம் மெயிலா?
ஒரே மணி நேரத்தில் எங்கெங்கிருந்தோ விளம்பர மெயில்கள் கொட்டுகின்றனவா? வெறும் தொல்லை என்று மொத்தமாக அழித்துவிடாதீர்கள்! உங்கள் பெயரில் யாரோ பொருள் வாங்கியதற்கான ரசீது அந்தக் குவியலுக்குள் ஒளிந்திருக்கலாம்! அதை மறைக்கத்தான் இத்தனை மெயிலும்!

ஜிமெயிலின் அடியில் ஒரு காவல்காரர்!
கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து பக்கத்தின் கடைசிக்குப் போங்கள். வலது மூலையில் பொடி எழுத்தில் ‘டீடெயில்ஸ்’ தெரிகிறதா? அழுத்துங்கள்! எந்த நேரத்தில், எந்த பிரவுசரில், எந்த ஐபி முகவரியிலிருந்து உங்கள் கணக்கு திறக்கப்பட்டது என்று வரிசையாக வரும்! நீங்கள் மதுரையில் தூங்கிய நேரத்தில் வேறு நாட்டிலிருந்து யாராவது திறந்திருந்தால் மாட்டிக்கொள்வார்!

ஒரு குறுஞ்செய்தி 100 சதவீதம் தடுக்குமா?
ஒரு வகைத் தாக்குதலைத் தடுத்தது! 2019-ல் கூகுள் வெளியிட்ட ஆய்வில், போனுக்கு எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீடு, தானியங்கி ரோபோ தாக்குதல்களில் 100 சதவீதத்தையும், மொத்தமாக வீசப்படும் தூண்டில் மெயில் தாக்குதல்களில் 96 சதவீதத்தையும், ஆளைக் குறிவைத்து நடத்தும் தாக்குதல்களில் 76 சதவீதத்தையும் தடுத்தது! யுஎஸ்பியில் செருகும் ‘செக்யூரிட்டி கீ’? மூன்றிலுமே 100 சதவீதம்!

உங்கள் முகவரி கசிந்த பட்டியலில் இருக்கிறதா?
ஆஸ்திரேலியாவின் டிராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் மெயில் முகவரியைத் தட்டுங்கள். எந்தெந்தத் திருட்டில் அது சிக்கியது என்று இலவசமாகச் சொல்லிவிடும்! 2019 ஜனவரியில் வெளிவந்த ஒரே ஒரு தொகுப்பில் மட்டும் 77 கோடிக்கு மேற்பட்ட மெயில் முகவரிகள் இருந்தன என்றால் பாருங்களேன்!

7 நாள் அவகாசம்!
மீட்பு போன் எண்ணையே ஹேக்கர் மாற்றிவிட்டாரா? மனம் தளராதீர்கள்! மாற்றிய 7 நாள் வரை உங்கள் பழைய எண்ணைக் கொண்டே கணக்கை மீட்க முயல கூகுள் வழி வைத்திருக்கிறது! ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்!

திரும்பக் கிடைத்ததும் என்ன செய்வது?
வைரஸ் இல்லாத கருவியில் புது பாஸ்வேர்டு. எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட். ஃபார்வர்டிங், ஃபில்டர், மீட்பு எண் மூன்றையும் சரிபார்ப்பு. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்டோடு போன் குறியீடோ செக்யூரிட்டி கீயோ கேட்பது). அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் போட்டிருந்தீர்களோ, அங்கெல்லாம் மாற்றம்! பணமும் போயிருந்தால்? இந்தியாவில் உடனே 1930-ஐ அழையுங்கள்! எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்!