காரில் பாட்டும் கொஞ்சம் மின்சாரமும்

சென்ற தீபாவளிக்கு எங்கள் மாப்பிள்ளை தம் காருக்குப் புதிய ஸ்டீரியோ, நான்கு ஸ்பீக்கர், டிக்கியில் ஒரு ஸப்-ஊஃபர், அதை இயக்க ஓர் ஆம்ப்ளிஃபையர் என்று வாங்கி மாட்டினார். கடைக்கு நானும் கூடப் போயிருந்தேன். இரண்டு வாரம் கழித்து, மகளும் பேத்தியும் நொய்டாவிலிருந்து வந்துகொண்டிருந்தபோது டாஷ்போர்டின் அடியிலிருந்து புகை வந்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஒருவர் ஓடி வந்து, பானெட்டைத் திறந்து பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ரயில் பெட்டிகளின் விளக்கு, விசிறிகளைப் பராமரிக்கும் பிரிவில் 38 ஆண்டுகள் வேலை பார்த்த நான், அன்று கடையில் டீ குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேனே என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. நம் அன்பர்கள் பலர் வீட்டிலும் பிள்ளைகளுக்கு இந்த ஆசை இருப்பதால் இதை எழுதுகிறேன்.

ஸ்டீரியோவிலேயே ஆம்ப்ளிஃபையர் உண்டே, தனியாக எதற்கு? அட்டைப் பெட்டியில் '50 வாட் x 4' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நம்ப வேண்டாம். எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது ஏறக்குறைய 14.4 வோல்ட். அதை உச்சமாகக் கொண்டால் ஆர்.எம்.எஸ். அளவு 10.2 வோல்ட். வர்க்கம் எடுத்து, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 26 வாட். இழப்புகள் போக 18, 20 வாட் சுத்தமாக வந்தாலே பெரிது. தனி ஆம்ப்ளிஃபையர் தனக்குள் ஒரு கன்வர்ட்டர் வைத்து 12 வோல்ட்டை உயர்த்திக்கொள்கிறது. கூடுதல் வாட் அங்கிருந்துதான் வருகிறது.

அதுவும் இனாமாக வருவதில்லை. 300 வாட் தரும் ஏபி வகை ஆம்ப்ளிஃபையரின் திறன் 60 சதவீதம் என்று வைத்தால், உச்சத்தில் 500 வாட் உள்ளே போக வேண்டும். அதாவது 36 ஆம்பியர். டி வகையில் திறன் 80 சதவீதத்துக்கு மேல் என்பதால் 27 ஆம்பியர் போதும், சூடும் குறைவு. டில்லியின் மே மாத வெயிலில் இது சிறிய விஷயம் அல்ல.

நான் வேலையில் சேர்ந்தபோது பல பெட்டிகளில் 24 வோல்ட்தான். 1,000 வாட் சுமைக்கு 42 ஆம்பியர் ஓடும். ஓர் இணைப்பு தளர்ந்தாலும் கடைசி விளக்கு அழுது வடியும். பிறகு 110 வோல்ட் வந்தது. அதே சுமைக்கு 9 ஆம்பியர். எங்கள் தலைவலி பாதி தீர்ந்தது. கார் இன்னும் 12 வோல்ட்டில் நிற்பதால் அந்தப் பழைய தலைவலி முழுவதும் அதற்கு உண்டு. பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர், 4 சதுர மி.மீ. தாமிர வயர், 30 ஆம்பியர் என்றால் வழியிலேயே 0.65 வோல்ட் போய்விடும். 10 சதுர மி.மீ. போட்டால் 0.26 வோல்ட்தான். ஆனால் சல்லிசாக விற்கும் தடித்த வயர்களில் பல, தாமிரம் பூசிய அலுமினியம். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் காரில் நடந்தது இதுதான். எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் போடாமலே வயரை இழுத்திருந்தார்கள். வண்டியின் அதிர்வில் தகட்டு விளிம்பு வயரின் உறையை அறுத்துவிட்டது. ஃப்யூஸ் இருந்தது, ஆனால் டிக்கியில், ஆம்ப்ளிஃபையரின் மேல். வழியில் ஷார்ட் ஆனால் அந்தக் கரண்ட் டிக்கி வரை போகவே போகாது. ஃப்யூஸுக்கு என்ன தெரியும்? கார் பேட்டரி ஷார்ட்டில் பல நூறு ஆம்பியர் கொட்டும். கடைக்காரரிடம் பிறகு கேட்டதற்கு, "எல்லாருக்கும் இப்படித்தான் போடுகிறோம், அங்கிள்ஜி" என்றார்.

ஃப்யூஸ் காப்பது ஆம்ப்ளிஃபையரை அல்ல, வயரை. ஆகவே பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் அது இருக்க வேண்டும்; அளவும் வயர் தாங்கும் அளவைத் தாண்டக்கூடாது. எர்த் வயரும் அதே தடிமன். பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் தகட்டில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் கேட்டால் முதலில் அந்த எர்த்தைத்தான் பாருங்கள். பாட்டு வரும் வயரைப் பவர் வயரோடு சேர்த்துக் கட்டாமல் வண்டியின் மறுபக்கமாகக் கொண்டுபோவதும் நல்லது. கெயின் திருகை வால்யூம் என்று நினைத்து முழுவதும் திருகினால் சத்தம் கிழியும், ட்வீட்டர் எரியும்.

பாட்டு தெளிவாகக் கேட்டால் போதும் என்பவர்களுக்கு என் சொந்த அபிப்பிராயம்: முதலில் நல்ல ஸ்பீக்கர் போட்டு, கதவுத் தகட்டில் அதிர்வு தடுக்கும் ஷீட் ஒட்டிக் கேளுங்கள். பலருக்கு ஆம்ப்ளிஃபையர் ஆசை அதோடு தீர்ந்துவிடும். மாப்பிள்ளைக்குத் தீரவில்லை. "மாமா, இந்தத் தடவை நீங்க பக்கத்துலயே நில்லுங்க" என்றார். வேறொரு கடையில் வயரை முழுவதும் மாற்றினோம். நான் நின்றேன், டீ வந்தது, ஆறிப்போயிற்று.