செய்தியும் நீதியும் – 7: பாதிக்கப்பட்டவர் மேல் விழும் பழி

பாலியல் குற்றம் ஒன்று செய்தியானதும் தொலைக்காட்சி விவாதங்களில் இரண்டு வகைக் கேள்விகள் எழுகின்றன. குற்றம் செய்தவர் யார், காவல்துறை என்ன செய்தது, அந்த இடத்தில் விளக்கும் காவலும் இருந்தனவா என்பவை ஒரு வகை. அந்த நேரத்தில் அந்தப் பெண் அங்கே ஏன் போனாள், உடன் இருந்தது யார், பெற்றோர் எப்படி விட்டார்கள் என்பவை இன்னொரு வகை. முதல் வகை குற்றத்தை விசாரிக்கிறது. இரண்டாம் வகை குற்றத்துக்கு ஆளானவரை விசாரிக்கிறது. இது பெரும்பாலும் வசவாக வருவதில்லை; அக்கறையாகவும் அறிவுரையாகவும் வருகிறது. ‘நடந்ததை நியாயப்படுத்தவில்லை, ஆனாலும்...’ என்று தொடங்கும் பேச்சில், அந்த ‘ஆனாலும்’ என்பதற்குப் பின்னால் வருவதெல்லாம் பழிதான்.

இப்பேச்சு எளிதில் எடுபடுவதற்கு உளவியல் காரணம் உண்டு. மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் 1966இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தவறான விடை சொல்லும்போதெல்லாம் ஒரு பெண்ணுக்கு மின்னதிர்ச்சி தரப்படுவதாகப் பார்வையாளர்கள் நம்பவைக்கப்பட்டனர். அவளுடைய துன்பம் தொடரும், தம்மால் அதை நிறுத்த முடியாது என்ற நிலையில் அவர்கள் அவளையே தாழ்வாக மதிப்பிடத் தொடங்கினர். உலகம் நியாயமாகவே நடக்கிறது என்று நம்ப மனம் விரும்புகிறது. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்ற நம்பிக்கையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வினை அறுப்பவர் எதையோ விதைத்திருக்க வேண்டும் என்று அது முடிவு கட்டுகிறது. பாதிக்கப்பட்டவரிடம் ஒரு பிழையைக் கண்டுவிட்டால், ‘நம் வீட்டுப் பிள்ளைக்கு இது நடக்காது’ என்ற நிம்மதி பிறக்கிறது. கருத்தாளர் பார்வையாளருக்குத் தருவது இந்த நிம்மதியைத்தான்.

ஊடகத்துக்கு முன்பே நீதிமன்றத்தில் இருந்த வழக்கம் இது. மகாராஷ்டிரத்தில் 1972இல் காவல் நிலையத்துக்குள்ளேயே பழங்குடிச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், விசாரணை நீதிமன்றம் அவளுடைய ஒழுக்கத்தை எடைபோட்டுக் காவலர்களை விடுவித்தது. உயர் நீதிமன்றம் வழங்கிய தண்டனையை 1978இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவள் உடலில் காயம் இல்லை, அவள் எதிர்த்ததற்கு அடையாளம் இல்லை என்பவை காரணங்களாகக் கூறப்பட்டன. சட்டப் பேராசிரியர்களான உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் நால்வரும் 1979இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல் நாடு தழுவிய விவாதத்தைக் கிளப்பியது. 1983இல் சட்டம் திருத்தப்பட்டு, பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றமாக்கப்பட்டது. புகார் கொடுத்தவரின் நடத்தையைக் காட்டி அவர் சாட்சியத்தைக் குலைக்க இடம் தந்த விதி 2003இல் நீங்கியது. சம்மதம் பற்றிய கேள்வியில் ஒருவரின் முந்தைய பாலியல் அனுபவம் பொருட்டல்ல என்பது 2013இல் சட்டமானது.

விதி மாறினாலும் பேச்சு உடனே மாறிவிடவில்லை. 2020இல் முன்பிணை வழக்கொன்றில், சம்பவத்துக்குப் பின் களைப்பில் உறங்கிவிட்டதாகப் புகார் கொடுத்தவர் சொன்னது இந்தியப் பெண்ணுக்குப் பொருந்தாதது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் எழுதியது. கண்டனம் எழுந்தபின் அவ்வரி நீக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவரின் உடை, நடத்தை, பழக்கம் ஆகியவை குறித்துப் பிணை உத்தரவுகளில் நீதிபதிகள் கருத்துச் சொல்லக் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. ஆக, நீதிமன்றத்தில் கேட்கக் கூடாதென விலக்கப்பட்ட கேள்விகள் இன்று தொலைக்காட்சி அரங்கில் தடையின்றிக் கேட்கப்படுகின்றன.

இதன் விளைவைப் பொள்ளாச்சி வழக்கு தெளிவாகக் காட்டியது. இளம்பெண்களுடன் பழகி அவர்களை வரவழைத்து, வன்கொடுமை செய்து, படம் பிடித்து, அதைக் காட்டியே மிரட்டிய வழக்கு அது. மிரட்டல் பலித்ததற்குக் காரணம் படம் மட்டுமல்ல. வெளியே தெரிந்தால் ஊர் தன்னைத்தான் பேசும் என்ற அச்சமும்தான். 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி துணிந்து புகார் கொடுத்ததும் அவருடைய அண்ணன் தாக்கப்பட்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் செய்தியாளர்களிடம் அந்த மாணவியின் பெயரைச் சொன்னார். விசாரணையை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டது. பெண்கள் யாருடன் பழக வேண்டும், கைப்பேசியை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற உபதேசங்கள் அப்போது பெருகின. அவை ஒவ்வொன்றும் மிரட்டியவர்கள் நம்பியிருந்த அச்சத்தையே உறுதிப்படுத்தின. மூடிய அறையில் நடந்த விசாரணையில் பாதிக்கப்பட்ட பெண்கள் எவரும் பிறழ் சாட்சியாக மாறவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத் தண்டனை விதித்தது.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் தாக்கப்பட்டபோது, அவருடைய விவரங்களுடன் முதல் தகவல் அறிக்கையே வெளியில் பரவியது. அது எழுதப்பட்டிருந்த விதமே பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்வதுபோல் இருப்பதாகச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. பெண்ணுக்கு விரும்பிய நேரத்தில் நடமாடவும் ஆணுடன் பேசவும் உரிமை உண்டு, அதைக் காரணம் காட்டிப் பழிப்பது தவறு என்று அமர்வு தெளிவுபடுத்தியது. பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் மூவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்ததுடன், 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் வழங்கச் சொன்னது.

நேரம், இடம், உடை என்ற வாதம் உண்மை நிலவரத்துடனும் ஒட்டுவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கைகளின்படி, பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்: உறவினர், அண்டை வீட்டார், நண்பர், வேலை கொடுத்தவர். இருட்டையும் அந்நியரையும் பற்றியே பேசும் விவாதம் இவர்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

பொறுப்பு பலருக்கும் உரியது. முதல் இடத்தில் காவல்துறை நிற்கிறது. செய்தியாளர் பெரும்பாலும் அதன் குறிப்பைத்தான் வரிக்கு வரி எடுத்தெழுதுகிறார். அடுத்தது செய்தி அறை. பின்தொடர்ந்து தொல்லை கொடுத்துக் கொன்றவனின் செயலை ‘ஒருதலைக் காதல்’ என்று தலைப்பிடும்போது கொலைகாரனுக்கு இரக்கமும் கொல்லப்பட்டவருக்குச் சந்தேகமும் பங்கிடப்படுகின்றன. மூன்றாவது, விருந்தினரைத் தேர்ந்தெடுக்கும் தயாரிப்பாளரும் நெறியாளரும். பழிச்சொல் வந்தபின் ‘அது அவருடைய சொந்தக் கருத்து’ என்று கைகழுவுவது பொறுப்பைத் தீர்க்காது. அவரை அழைத்ததும் அந்தக் கேள்வியைத் தலைப்பாக வைத்ததும் நிறுவனமே.

கண்காணிப்பு அமைப்புகளின் கை வலுவாக இல்லை. பிரஸ் கவுன்சிலால் எச்சரிக்கவும் கண்டிக்கவும் மட்டுமே முடியும். அதுவும் அச்சு ஊடகத்தை மட்டும். தொலைக்காட்சிகளின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு விதித்துவந்த ஒரு லட்சம் ரூபாய் உச்ச அபராதம் போதாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. அடையாளத்தை வெளியிடுவோருக்கு பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை உண்டு. பெயரைச் சொல்லாமல் பழியை மட்டும் சுமத்துவோரை அப்பிரிவு தொடாது.

அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் பொதுமக்கள். பார்வையாளர் எண்ணிக்கைதான் விவாதத்தின் தலைப்பைத் தீர்மானிக்கிறது. விளம்பரம் அதன் பின்னால் வருகிறது. ஒளிபரப்பு குறித்து நிலையத்திடமும், தீராவிட்டால் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பிடமும் எந்தக் குடிமகனும் புகார் அளிக்கலாம். பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதே தவறு என்பதில்லை. விளக்கில்லாத சாலை, வராத ரோந்து, தாமதமான வழக்குப் பதிவு ஆகியவற்றைக் கேட்பதும் பாதுகாப்புப் பேச்சுதான். கேள்வி, பதில் சொல்லும் கடமை உள்ளவரிடம் போகிறதா, புகார் கொடுக்க வந்தவரிடம் போகிறதா என்பதே இரண்டையும் பிரித்தறியும் அளவுகோல்.