தோப்பில் உட்கார்ந்த காது

புதுவையும் பாட்டும் – 9

சென்ற வாரம் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில், பாரதி குடியிருந்த வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் அவர் அந்த வாசலைத் தாண்டி நடந்து போன இடத்துக்குப் போவோம்.

முத்தியால்பேட்டை கிருஷ்ணசாமி செட்டியாரின் மாந்தோப்பு அது. பிற்பாடு ‘குயில் தோப்பு’ என்றே பேர் நிலைத்துவிட்டது. பாரதிக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று இருந்ததென்றால், அங்கே போய் மர நிழலில் உட்கார்வதுதான். 1908-ல் சென்னையை விட்டுப் பிரெஞ்சு மண்ணுக்கு வந்தவர். 1910-ல் ‘இந்தியா’ பத்திரிகை நின்றுபோனது. வெளியே பிரிட்டிஷ் ஒற்றர்கள், வீட்டில் பணமுடை. மனசு ஆற ஒரு நிழல் வேண்டியிருந்தது. நிழலோடு ஓசையும் கிடைத்தது.

‘குயில் பாட்டை’க் காதல் கதையாகத்தான் பள்ளியில் படித்தோம். அதை ஒருமுறை காதால் படித்துப் பாருங்கள். இசைமேல் தனக்குள்ள மோகத்தைக் குயில் சொல்லுமிடத்தில் நீண்ட பட்டியல் ஒன்று வரும். பறவைச் சத்தம், மரங்களுக்கிடையே காற்று, கடலின் இரைச்சல். அப்புறம் ஏற்றம் இறைப்பவர் பாட்டு, நெல் குத்தும் பெண்களின் குரல், சுண்ணம் இடிப்பவர்கள் பாட்டு, வட்டமாக நின்று கொட்டும் பெண்களின் வளையல் ஒலி. குழலும் வீணையும் கடைசியில்தான் வருகின்றன. இந்த வரிசைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கச்சேரிக்குப் போய்க் கேட்டவர் போடும் வரிசை இல்லை இது. வரப்பிலும் திண்ணையிலும் தோப்பிலும் சும்மா உட்கார்ந்து கேட்ட காது போட்ட வரிசை.

வித்வான்கள் ஊருக்கு ஊர் அதே கீர்த்தனங்களைப் பாடுவதைக் கண்டு கட்டுரையில் அவர் பொறுமையிழந்ததற்கும் இந்தக் காதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தன் பாட்டுக்குத் தானே மெட்டும் தேடினார். ‘கண்ணம்மா – என் குழந்தை’க்குப் பைரவி ராகம், ரூபக தாளம் என்று குறித்து ஸ்வரமும் எழுதிவைத்தார். இன்று மேடைகளில் நாம் கேட்கும் ராகமாலிகை பின்னால் வந்தது.

பாரதி இங்கே வந்த அதே 1908-ல் பிரான்சில், அவினியோன் நகரில் பிறந்தவர் இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான். நோட்டும் பென்சிலுமாகக் காட்டுக்குப் போய், பறவைகள் பாடப்பாட ஸ்வரமாக எழுதிக்கொள்வார். 1956-லிருந்து 1958-க்குள் அவர் எழுதிய ‘பறவைகளின் அட்டவணை’யில் பியானோவுக்கான 13 உருப்படிகள் இருக்கின்றன. இதே மனிதர், 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய ‘சங்கீத ரத்னாகர’த்தின் 120 தேசி தாளங்களைப் படித்துத் தன் இசையில் எடுத்தாண்டவர். அந்த நூல்தான், ஏழு ஸ்வரங்களுக்கும் ஒவ்வொரு பிராணியைச் சொல்லும்போது, பஞ்சமத்தைக் குயிலுக்குக் கொடுக்கிறது. இதை முதலில் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

நம் தாவரவியல் பூங்காவுக்கு மாசி, பங்குனியில் காலை நேரத்தில் போய் உட்காருவேன். கைபேசியில் தம்புராவை மெதுவாக ஓடவிட்டுக் குயிலைப் பஞ்சமத்தில் பிடிக்கப் பார்ப்பேன். அது பிடிபடாது. ஒவ்வொரு கூவலும் முந்தியதைவிடச் சற்றே மேலேறும். ஏறிக்கொண்டே போய், உச்சத்தில் சட்டென்று நிற்கும். மறுபடியும் கீழிருந்து தொடங்கும். இப்படிக் கூவுவது கறுத்த ஆண் குயில். புள்ளி போட்ட பெண் குயிலுக்கு ‘கிக், கிக்’ என்று கத்தத்தான் வரும். பாரதியின் தோப்பில் பாடியதோ பெண் குயில். அதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கூவல் அறுந்ததும் ஒரு கணம் ஒன்றுமே கேட்காது. பிறகு சருகு கூட்டும் துடைப்பத்தின் சத்தம் ஒரே சீராக வரும். கூட்டுகிற அம்மாவின் வளையல் அதோடு சேர்ந்துகொள்ளும்.