நஞ்சினை ஈர்க்கும் கொழுப்புப் பால்மம்

சோயா எண்ணெயை நுண்துளிகளாக நீரிற் பரவச் செய்து, அத்துளிகள் ஒன்றுசேராவண்ணம் முட்டை மஞ்சட்கருவினின்று பெறும் பாஸ்போலிப்பிடுகளைச் சேர்த்து ஆக்கப்படும் வெண்ணிறத் திரவமே கொழுப்புப் பால்மம். ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் விரெட்லிண்ட் உருவாக்கிய இது, உணவு உட்கொள்ள இயலாத நோயாளிகளுக்குச் சிரைவழி ஊட்டமளிக்க 1962-இல் அந்நாட்டில் வழக்கிற்கு வந்தது.

இவ்வூட்டப்பொருள் நச்சு முறிப்பு மருந்தானது எதிர்பாராத வகையிலாகும். அறுவைச் சிகிச்சையில் உறுப்பை மரத்துப்போகச் செய்யும் பூபிவக்கேன் என்னும் மருந்து, தவறி இரத்தத்தில் மிகுதியாகக் கலந்துவிடின் இதயம் நின்றுவிடக்கூடும். வழக்கமான உயிர்ப்பிப்பு முறைகள் அப்போது பலவேளைகளில் பயனளிப்பதில்லை. கொழுப்பு இந்நச்சுத்தன்மையை மிகுவிக்கும் என்று எதிர்பார்த்து எலிகளில் ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் கை வைன்பெர்க், அதற்கு நேர்மாறான விளைவைக் கண்டு 1998-இல் வெளியிட்டார். பின்னர் நாய்களில் நடந்த சோதனையில், பால்மம் பெற்றவை யாவும் பிழைத்தன. உப்புநீர் பெற்றவற்றுள் ஒன்றும் பிழைக்கவில்லை. 2006-இல், இதயம் நின்றுபோன நோயாளி ஒருவர் நியூயார்க்கில் இம்முறையால் மீட்கப்பட்ட செய்தி வெளியாயிற்று.

மஞ்சளின் நிறம் நீரில் சரிவரக் கரையாது. எண்ணெயில் எளிதிற் கரையும். பள்ளியிலேயே இதனைச் செய்து காட்டலாம். அதுபோலவே, கொழுப்பிற் கரையும் மருந்தை இரத்தத்திலுள்ள எண்ணெய்த் துளிகள் ஈர்த்து, இதயத்தினின்றும் மூளையினின்றும் அகற்றித் தசைகளுக்கும் கல்லீரலுக்கும் கொண்டு செல்கின்றன. இதயத்தின் இயக்கத்தையும் பால்மம் ஊக்குவிப்பதாக அறியப்படுகிறது.

நூற்றுக்கு 20 பங்கு கொழுப்புடைய பால்மம், உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 1.5 மில்லிலிட்டர் வீதம் முதலில் சிரையிற் செலுத்தப்படும். 60 கிலோ எடையுள்ளவர்க்கு இது 90 மில்லிலிட்டர். பின்னர் நிமிடத்திற்குக் கிலோவுக்கு 0.25 மில்லிலிட்டர் வீதம் தொடரும். இதயத்தை அழுத்தி இயக்குதலும் செயற்கைச் சுவாசமும் இடையறாது நடைபெற வேண்டும். கணைய அழற்சி நேரலாமாதலின் மருத்துவர் கண்காணிப்பு இன்றியமையாதது.

வேறு சில மருந்துகளின் நச்சுக்கும் இம்முறை கையாளப்பட்டுள்ளது. ஆயினும் அவற்றிற்குரிய சான்று வலுவானதன்று. பூச்சிகொல்லி நஞ்சுகளுக்கு இது நிலைபெற்ற சிகிச்சையன்று.

களப்பணியாளரும் ஆசிரியரும் மக்களுக்கு அழுத்தமாகக் கூற வேண்டியது ஒன்றுண்டு. சிரையிற் செலுத்தும் பால்மம் வேறு. வாய்வழிப் புகட்டும் எண்ணெயும் நெய்யும் பாலும் வேறு. கொழுப்பிற் கரையும் பூச்சிகொல்லியை அருந்தியவருக்கு இவற்றைக் கொடுப்பின், நஞ்சு குடலினின்று இரத்தத்திற் கலப்பது மிகும். நினைவிழந்தவர்க்குப் புகட்டினால் அது நுரையீரலிற் புகுந்து உயிருக்கு இறுதியாகலாம். எதையும் புகட்டாது, நஞ்சிருந்த புட்டியையும் உடன்கொண்டு மருத்துவமனைக்கு விரைவதே செய்யத்தக்கது.